மீள்நடிப்பா, லார்ப்பா? கடலூர், புதுச்சேரி வரலாற்று ஆர்வலர்கள் எதைத் தொடங்கலாம்

மரபு நடை நடத்தும் நண்பர்களும் கல்லூரி வரலாற்று மன்றத்துப் பிள்ளைகளும் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். தேவனாம்பட்டினத்துக் கோட்டைச் சண்டையை உடை போட்டு நடத்திக் காட்ட ஆசை. அதை ‘வரலாற்று மீள்நடிப்பு’ என்று சொல்லி ஆள் சேர்ப்பதா, ‘லார்ப்’ என்று சொல்லிச் சேர்ப்பதா? இரண்டும் ஒன்றுதானே என்பது ஒரு கட்சி. அது விளையாட்டு, இது வரலாறு, ஒன்றாக இருக்கவே முடியாது என்பது எதிர்க்கட்சி. வாட்ஸ்அப்பில் இந்த வாதம் 1783 கடலூர் முற்றுகையை விட நீளமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

லார்ப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டை, எழுந்து நின்று, வேடம் போட்டு, உடம்போடு ஆடுவது. நீங்கள் ஒரு பாத்திரம். எதிரே நிற்பவர் இன்னொரு பாத்திரம். என்ன பேசுவது, யாரை நம்புவது, எப்போது ஓடுவது எல்லாம் உங்கள் முடிவு. எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது. அமெரிக்காவில் 1977இல் தொடங்கிய டாகோர்ஹிர், இங்கிலாந்தில் 1982இல் பெக்ஃபோர்டன் கோட்டைக்குள் நடந்த ட்ரெஷர் ட்ராப் இரண்டும் இதன் ஆரம்ப காலத்தவை.

மீள்நடிப்பு அதைவிட மூத்தது. ஸ்காட்லாந்தில் 1839இலேயே எக்லின்டன் பிரபு இடைக்கால வீரர் போட்டியைப் பெரும் செலவில் திரும்ப நடத்திப் பார்த்தார். மழை வந்து கெடுத்தது. 1920இல் பெட்ரோகிராடில் குளிர்கால அரண்மனையைப் பிடித்த நிகழ்வை ஆயிரக்கணக்கானோரை வைத்து நடத்திக் காட்டினார்கள். 1961இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டுக்கு மனாசஸில் முதல் பெரிய சண்டையை நடத்தினார்கள். 1968இல் இங்கிலாந்தில் சீல்டு நாட் என்ற மீள்நடிப்புக் குழு தொடங்கியது. போலந்தில் 1410 கிரன்வால்ட் போரை இன்றும் ஆண்டுதோறும் ஜூலையில் நடத்துகிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவைப் பார்த்து ‘இது லார்ப், இது லார்ப் இல்லை’ என்று முத்திரை குத்த முடியாது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே குழு காலையில் மக்கள் முன்னால் நடத்துவது லார்ப் இல்லை. அதே ஆட்கள் கூட்டம் கலைந்த பிறகு, அதே உடையோடு, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சிப்பாய்களாகவே சம்பள பாக்கியைப் பற்றி சண்டை போட்டுக்கொண்டால் அது லார்ப்தான், அவர்கள் ஒப்புக்கொண்டாலும் இல்லாவிட்டாலும்.

எதை வைத்து அளப்பது

நான் பார்ப்பது நான்கு விஷயங்கள்.

முடிவு திறந்திருக்கிறதா? யார் ஜெயிப்பார் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே தெரியுமா, ஆடுகிறவர்கள் தீர்மானிப்பதா.

யாருக்காக நடக்கிறது? சுற்றி நின்று பார்க்கிறவர்களுக்கா, ஆடுகிறவர்களுக்கேவா.

எதற்குக் கட்டுப்பட்டது? பட்டனிலிருந்து செருப்பு வரை சான்று காட்ட வேண்டுமா, ஆட்ட விதி சரியாக இருந்தால் போதுமா.

மனசுக்குள் யார்? நீங்கள் வெறும் ‘மூன்றாவது வரிசை, இடமிருந்து நாலாவது ஆள்’தானா, பேரும் ஊரும் கடனும் பயமும் உள்ள ஒருவரா.

இவற்றோடு நம்மூரில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது: காவல் நிலையத்தில் என்னவென்று சொல்லி அனுமதி கேட்பீர்கள்? இதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதல் வழி: மக்கள் முன் போர்க்காட்சி

கடலூர்க்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். சரக்குக்கும் பஞ்சமில்லை. 1690இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் அவர்களுடையவை என்று ஒப்பந்தம். சுட்டுப் பார்த்து எல்லை வகுத்தார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றும் சொல்கிறோமே, அந்தக் குண்டுதான். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும், செயின்ட் டேவிட் கோட்டை என்று ஆங்கிலேயர் பெயர் வைத்த இந்தக் கோட்டைதான் இந்தப் பக்கத்து ஆங்கிலேயருக்குத் தலைமையிடம். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்தார். புதுச்சேரிப் பக்கம் 1748இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் முற்றுகையிட்டு, அக்டோபர் மழை பிடித்துக்கொண்டதும் திரும்பிப் போனது. 1752இல் பாகூர்ச் சண்டை. 1761 ஜனவரியில் நகரம் சரணடைந்தது. கடைசியில் 1783 ஜூன், கடலூர் முற்றுகை: ஊருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வெளியே ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட், கடலில் பிரெஞ்சுப் பக்கம் சுஃப்ரானும் ஆங்கிலேயப் பக்கம் ஹியூஸும்.

இதில் முடிவு பூட்டியது. பாஸ்கவன் திரும்பித்தான் போக வேண்டும். செத்து விழ வேண்டிய வரிசை செத்து விழ வேண்டும். பார்வையாளர் இல்லையென்றால் நிகழ்ச்சியே இல்லை. சான்றுக்குக் கட்டுப்பாடு அதிகம், தனி மனிதப் பாத்திரம் குறைவு. நான்கு அளவுகோலில் மூன்றரையில் இது லார்ப்புக்கு எதிர்ப்பக்கம். நாடகத்துக்கும் அணிவகுப்புக்கும்தான் பக்கத்துச் சொந்தம்.

‘முடிவு தெரிந்துவிட்டால் அப்புறம் என்ன ஈடுபாடு?’ என்று லார்ப் பக்கத்தார் கேட்பார்கள். நம் மாவட்டத்துக்காரர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று மண்ணில் செய்து கிடத்திய துரியோதனன் எழுந்து பீமனை ஜெயித்துவிடுவானோ என்று யாரும் பதறுவதில்லை. ஆனாலும் தொடையில் கதாயுதம் விழும்போது ஊரே நிலைகொள்ளாமல் நிற்கிறது, கூந்தல் முடியும்போது அழுகிறது, மாலையில் தீ மிதிக்கிறது. அதை நான் லார்ப் என்றோ மீள்நடிப்பு என்றோ சொல்ல மாட்டேன், அது வழிபாடு. ஆனால் முடிவு தெரிந்த நிகழ்ச்சிக்குள்ளும் ஒருவர் முழுசாக இறங்க முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை.

இனி மறைவாக வரும் செலவுகள். உடைதான் பெரிய செலவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உடையைவிட அதைப் பராமரிப்பது பெரிய செலவு. அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டையை நம் வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு நின்றால் ஆள் மயங்குவார். பருத்தியில் தைத்தால் சான்று பேசுகிறவர் முகம் சுளிப்பார். சிப்பாய் வேடம் போடுங்கள் என்பேன். இரு பக்கத்துப் படையிலும் இந்த மண்ணின் சிப்பாய்கள் இருந்தார்கள். காரணம் வரலாற்றிலேயே இருக்கிறது, வெயிலுக்கும் நல்லது. இரும்பு எதுவும் கடற்காற்றில் ஒரு பருவம் தாங்காது, வாரா வாரம் எண்ணெய் போட ஆள் வேண்டும்.

ஆயுதம் அடுத்த தலைவலி. 9 அங்குலத்துக்கு மேல் நீளமான கூரிய வாள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின் பட்டியலில் வருகிறது. முனையும் விளிம்பும் மழுங்கிய தகடு, அல்லது மரம் போதும். துப்பாக்கியும் மரத்தில்தான். சத்தத்துக்குக் கோயில் வேட்டுப் போடும் உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள், நீங்களே மருந்து கலக்காதீர்கள். உண்மையான கருமருந்துத் துப்பாக்கி வைத்திருக்கும் வெளிநாட்டுக் குழுக்களில் பலவற்றில்கூட, களத்தில் குழாய்க்குள் குத்தும் கம்பியை உருவக் கூடாது, குழாயை ஆள் தலைக்கு மேலே தூக்கித்தான் சுட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு செலவு பணத்தில் வராது. 1748 முற்றுகையை எடுத்தால், அந்த நாட்களில்தான் புதுச்சேரி வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது என்பதையும் எடுத்தாக வேண்டும். அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் அது இருக்கிறது. நாட்குறிப்பு படித்தவர் ஒருவராவது கூட்டத்தில் நிற்பார். அதை விட்டுவிட்டு வெறும் பீரங்கிப் புகையை மட்டும் காட்டினால் மறைத்ததாக ஆகும். காட்டினால் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் வைக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசாமல் இதைத் தொடாதீர்கள்.

இரண்டாம் வழி: வாழும் வரலாறு

சண்டை இல்லை. ஒரு துபாஷ் வீட்டுத் திண்ணை, ஒரு துணி மூட்டை, ஒரு கணக்கர், ஒரு சமையல் அடுப்பு. வருகிறவர்கள் கேள்வி கேட்பார்கள், வேடம் போட்டவர் பதில் சொல்வார். இதில் இரண்டு பாணி உண்டு. ஒன்றில் வேடக்காரர் அந்தக் காலத்து ஆளாகவே பேசுவார்: ‘மின்சாரமா, அது என்ன ஊர்?’ மற்றதில் உடை மட்டும் பழசு, பேச்சு இன்றைய வழிகாட்டியுடையது.

முதல் பாணி லார்ப்புக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. வசனம் கிடையாது, பாத்திரம் உண்டு, அடுத்த கேள்வி என்னவென்று தெரியாது. ஆனால் கேட்கிறவர் பாத்திரமாக இல்லை, டிக்கெட் வாங்கிய பயணி. ஆட்டத்தில் பாதிப் பேர் ஆடவில்லை. அதனால் இதை லார்ப் என்று நான் எழுத மாட்டேன்.

புதுச்சேரிக்கு இதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. 1736 முதல் 1761 வரை போகும் தமிழ் நாட்குறிப்பு கையில் இருக்கும் ஊர் வேறெது? யார் யாரைப் பார்க்க வந்தார், என்ன நஜர் (காணிக்கை) வைத்தார், எத்தனை பீரங்கி மரியாதை என்று பிள்ளை எழுதி வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒரு நாளை மட்டும் எடுத்தால் ஒரு மாலைக்குப் போதும். ஆளும் அஞ்சாறு பேர் போதும்.

மறைவான செலவு படிப்பு. போர்க்காட்சியில் தப்பாக நின்றால் யாருக்கும் தெரியாது. இங்கே பயணி ஒருவர் ‘அப்போ மிளகாய் இருந்துச்சா?’ என்று கேட்டால் பதில் தெரிந்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் வாசிக்காமல் இதில் இறங்குகிறவர்கள் கதை அளக்க ஆரம்பிக்கிறார்கள், அந்தக் கதை அடுத்த வாரம் ஆட்டோ ஓட்டுபவர் வாயில் வரலாறாக வருகிறது.

மூன்றாம் வழி: வரலாற்று லார்ப்

புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1954 அக்டோபர் 18. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பகுதிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாமென்று 8 பேர். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுசாக முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று.

இதை மீள்நடிப்பாக நடத்தினால் வாக்குப் போடுவதும் எண்ணுவதும்தான் காட்சி. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், எல்லோரும் கைதட்டுவார்கள். லார்ப்பாக நடத்திப் பாருங்கள். இருபத்தைந்து பேர், ஆளுக்கொரு தாள். ஒருவருக்குத் தம்பி பிரெஞ்சுப் படையில், அந்த மே மாதம்தான் வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தியன் பியன் பூ விழுந்திருக்கிறது, ஓய்வூதியம் வருமா என்று வீட்டில் கேள்வி. ஒருவர் பஞ்சாலைத் தொழிலாளி. 1936 ஜூலை 30இல் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பன்னிரண்டு பேர் செத்ததை நேரில் பார்த்தவர். ஒருவர் காரைக்கால் வியாபாரி, சுங்க எல்லை போனால் அவர் தொழில் என்ன ஆகும்? இந்த ஆட்களெல்லாம் நாம் எழுதும் கற்பனைப் பாத்திரங்கள், ஆனால் அவர்கள் கவலைகள் அந்தக் காலத்தவை. முந்தின இரவு முழுக்க ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பேசட்டும். விடிந்ததும் வாக்கு. 170க்கு 8 வராமல் போகலாம். வராமல் போனால்தான், அன்றைக்கு ஏன் அப்படி வந்தது என்று முதன்முறையாக எல்லோரும் கேட்பார்கள்.

1783க்கும் இது பொருந்தும். பாரிஸிலும் லண்டனிலும் சமாதானம் பேசி ஜனவரியிலேயே முன்னோட்ட உடன்படிக்கை ஆகிவிட்டது. செய்தி கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. அது தெரியாமல் ஜூனில் கடலூரில் ஆயிரக்கணக்கானோர் சண்டை போட்டார்கள். போர்க்காட்சியில் இதை அறிவிப்பாளர் மைக்கில் சொல்லலாம், அவ்வளவுதான். லார்ப்பில் கடிதம் ஆட்டத்தை நடத்துபவர் கையில் இருக்கும். எப்போது கொடுப்பார் என்று களத்தில் யாருக்கும் தெரியாது.

செலவு குறைவு. பிவிசி பைப், யோகா மேட், ஒட்டு டேப் இருந்தால் அடித்தாலும் வலிக்காத வாள் தயார். கீழூர் ஆட்டத்துக்கு அதுகூட வேண்டாம், வேட்டி சட்டையும் ஒரு மேசையும் போதும். ஆனால் எழுதுகிறவருக்கு வேலை கொடுமையாக இருக்கும். இருபத்தைந்து பேருக்கும் செய்வதற்கு ஏதாவது இருக்கும்படி தாள் எழுதுவது ஒரு நாடகம் எழுதுவதை விடக் கஷ்டம். ஒருவர் சும்மா நின்றால் போனை எடுப்பார், அவரைப் பார்த்து நாலு பேர் எடுப்பார்கள்.

இதிலும் பணத்தில் வராத செலவு உண்டு. பாத்திரத்தின் கோபம் ஆளோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. துபாஷாக இருந்தவர் கூலிக்காரராக இருந்தவரை மூன்று மணி நேரம் வாடா போடா என்று பேசியிருப்பார். நம் சமூகத்தில் அந்தப் பேச்சு வெறும் நடிப்பாக முடியாது. சாதிப் பெயரை வைத்து வரும் வசவு எந்த ஆட்டத்திலும் வேண்டாம், ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்ற சாக்கு இங்கே எடுபடாது. நார்டிக் நாடுகளின் லார்ப் மரபில் ஆட்டத்துக்கு முன் ஒரு பட்டறை, நடுவில் உடனே நிறுத்த ஒரு சொல், வேகத்தைக் குறைக்க இன்னொரு சொல், முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது என்று வைத்திருக்கிறார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். டீ, வடை நேரத்தை அந்த வட்டப் பேச்சாக ஆக்கினால் யாருக்கும் பாடம் மாதிரி இருக்காது.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | போர்க்காட்சி | வாழும் வரலாறு | வரலாற்று லார்ப் |
|---|---|---|---|
| முடிவு | பூட்டியது | முடிவென்று ஒன்று இல்லை | திறந்தது |
| யாருக்காக | கூட்டத்துக்காக | வருகிற பயணிக்காக | ஆடுகிறவர்களுக்காக |
| சான்றுக் கண்டிப்பு | உடையில் அதிகம் | பேச்சில் அதிகம் | பின்னணியில் போதுமான அளவு |
| தேவைப்படும் ஆள் | நிறைய | அஞ்சாறு | பதினைந்திலிருந்து முப்பது |
| பெரிய செலவு | உடை, பராமரிப்பு | வாசிப்பு | பாத்திரம் எழுதுவது |
| பெரிய ஆபத்து | வெயில், ஆயுதம், கூட்டம் | கதை அளப்பது | மனக்காயம் |
| லார்ப்பா? | இல்லை | பாதி வழி | ஆம் |

எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்

இந்தப் பட்டியலில் அடங்காத ஒரு பெரிய குழு எஸ்சிஏ (சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்), 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கியது. உறுப்பினர் ஒவ்வொருவரும் இடைக்காலத்து ஆள் ஒருவரை, பேர் வைத்து, ஊர் வைத்து, தனக்கென்று உருவாக்கிக்கொள்கிறார். பிரம்புக் கம்பும் நிஜக் கவசமுமாகச் சண்டை. ஜெயித்தவர்தான் அடுத்த ராஜா. முடிவு திறந்தது, பாத்திரம் உண்டு, பார்வையாளர் தேவையில்லை. என் அளவுகோலில் இது லார்ப்தான். ஆனால் அவர்களில் பலரிடம் அப்படிச் சொன்னால் கோபம் வரும். நாங்கள் ஆராய்ச்சி செய்கிறோம், நெய்கிறோம், சமைக்கிறோம், பூத வேட்டை ஆடவில்லை என்பார்கள். அந்தக் கோபத்தில் வகைப்பாட்டை விட அந்தஸ்துதான் அதிகம் என்று எனக்குப் படுகிறது. இரண்டாம் உலகப் போர் மீள்நடிப்புக் குழுக்களிலும், கூட்டத்தை விடாமல் காட்டுக்குள் போய், முடிவு வைக்காமல் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைத் தேடிப் பிடிக்கும் நாட்கள் உண்டு. உடை அதே உடைதான். நடப்பது வேறு.

யாருக்கு எது

கல்லூரி மன்றம், ஆண்டுக்கு ஒரு நாள், முதல்வர் வந்து பார்க்க வேண்டும், படம் எடுத்துப் போட வேண்டும் என்றால் போர்க்காட்சி. ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள். ஜூன் 1783க்கு நாள் பொருத்தம் பார்த்து ஜூனில் வைத்தால் முதலுதவிக் கொட்டகைதான் பெரிய காட்சியாக இருக்கும்.

மரபு நடை நடத்துகிறவர்களுக்கு வாழும் வரலாறு. ஏற்கெனவே ஊரைச் சுற்றிக் காட்டுகிறீர்கள், ஒரு திண்ணையில் ஒருவரை உட்கார வைக்க எவ்வளவு நேரம்? கடற்கரைச் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்தினாலும் வாரக் கடைசிக் கூட்டத்தில் துபாஷ் பேசுவது துபாஷுக்கே கேட்காது.

நாடகக்காரர்கள், ஆசிரியர்கள், பத்தாம் வகுப்புப் பாடத்தை வேறு மாதிரி சொல்லித்தர நினைக்கிறவர்கள் லார்ப் பக்கம் வரலாம். கீழூர் போதும், கோட்டை வேண்டாம். நடத்துவதற்கு இரண்டு பேர் மட்டும் இருந்து, பணமும் இல்லாத குழுவுக்கும் இதுதான் வழி.

இரண்டையும் சேர்த்து நடத்த ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: நேரத்தைப் பிரித்து அறிவியுங்கள். 4 முதல் 5 வரை காட்சி, 6 முதல் 9 வரை ஆட்டம் என்று. காட்சி நேரத்தில் பாஸ்கவன் வேடக்காரர் உற்சாகம் வந்து ஜெயிக்க முயன்றால் எதிரே இருப்பவருக்குக் கை உடையும். ஆட்ட நேரத்தில் ‘வரலாற்றில் அப்படி இல்லையே’ என்று ஒருவர் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தால் ஆட்டம் நகராது.

அனுமதிக் கடிதத்தில் என்ன எழுதுவது

‘லார்ப்’ என்று எழுதாதீர்கள். காவல் நிலைய எழுத்தர் அது என்னவென்று கேட்பார், நீங்கள் விளக்க விளக்கச் சந்தேகம்தான் கூடும். ‘மறைந்திருந்து தாக்குவார்கள்’ என்று ஒரு வரி வந்தால் போதும், கடிதம் மேலதிகாரி மேசைக்குப் போய்விடும். பொது இடத்தில் காட்சி என்றால் ‘வரலாற்று நாடக நிகழ்ச்சி’, நாள், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, ஆயுதம் போன்ற பொருட்கள் மரத்தாலும் ரப்பராலும் செய்தவை, வேட்டு உண்டென்றால் உரிமம் உள்ளவர் யார் என்று எழுதுங்கள். மூடிய மண்டபத்தில் இருபது பேர் ஆடும் லார்ப்புக்கு மண்டபக்காரரிடம் ‘பயிற்சிப் பட்டறை’ என்று சொல்வது பொய்யும் இல்லை.

செஞ்சிக் கோட்டை மாதிரித் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடத்தில் எந்தக் கேளிக்கை நிகழ்ச்சிக்கும் துறையின் முன் அனுமதி வேண்டும், காவல் நிலையக் கடிதம் போதாது. பாகூர்ச் சண்டையை பாகூரிலேயே நடத்த ஆசைப்பட்டால் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் புதுச்சேரி எங்கே முடிகிறது, கடலூர் மாவட்டம் எங்கே தொடங்குகிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்கே குழப்பம். உங்கள் பிரெஞ்சுப் படை பின்வாங்கும்போது மாநில எல்லையைத் தாண்டினால் இரண்டு காவல் நிலையங்களிலும் கடிதம் கொடுத்திருக்க வேண்டும்.